பொது ஒலிபரப்பின் ஆணையைப் புதுப்பிக்கும்போது மலையகத்தையும் கேளுங்கள்

இலங்கை மலையகத்தின் தோட்டப்புற நேயர்களுக்காக நீண்ட காலம் வானொலி நிகழ்ச்சிகளைத் தயாரித்து வருபவன் என்ற முறையில், அடைமழைக் காலம் ஓய்ந்ததும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சென்று நேயர்களின் கருத்தைக் கேட்டு வருவது என் வழக்கம். அப்படி ஒருமுறை ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) அமர்ந்த அக்கா ஒருவரிடம், எங்கள் மண்சரிவு எச்சரிக்கை காதில் விழுந்ததா என்று விசாரித்தேன். "கேட்டுச்சு தம்பி. நூறு மில்லிமீட்டர்னு சொன்னீங்க. மேட்டு லயத்து ஆளுக எறங்கணுமா, வேணாமானு சொல்லலியே" என்றார்.

24 மணித்தியாலத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் உடனே வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். நாங்கள் எண்ணை வாசித்தோமேயன்றி, அந்த எண் எந்த லயத்துக்கு என்ன சொல்கிறது என்பதைச் சொல்லவில்லை. பிரதேச செயலகப் பிரிவின் பெயரை அறிவித்தோம்; ஆனால் தங்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் சொன்னால்தான் எங்கள் மக்கள் காது கொடுப்பார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததையும், 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைச்சரிவுகளைப் பிளந்ததையும் கண்ட பிறகு, இதை வெறும் மொழிநடைச் சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு பொது ஒலிபரப்பு நிறுவனம் யாருக்கு என்ன கடமைப்பட்டது என்பதை அதன் ஆணையே, அதாவது அதை நிறுவிய சட்டமோ பட்டயமோ, தீர்மானிக்கிறது. அரச வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அடித்தளம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். அது எழுதப்பட்ட வேளையில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கிட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதாவது, எங்கள் பாட்டன் பாட்டிமார் கொழுந்து பறித்துக்கொண்டே கேட்ட வானொலிக்கான சட்டத்தை, அவர்கள் தெரிவு செய்யாத நாடாளுமன்றமே இயற்றியது.

பிரித்தானியாவில் பிபிசியின் அரச பட்டயத்துக்குக் காலவரையறை உண்டு. இப்போதையது 2017 ஜனவரியில் தொடங்கி 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. காலம் முடியுமுன் அரசு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சென்ற முறை 1,92,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அந்த முறையும் குறையற்றதன்று, எனினும் "நீ இன்னும் யாருக்காக இருக்கிறாய்?" என்ற கேள்வியிலிருந்து நிறுவனம் தப்ப முடியாதபடி நாட்காட்டியே அதைக் கட்டிப்போடுகிறது. நம் சட்டத்தில் அத்தகைய கெடு இல்லை. பணிப்பாளர் சபையை நியமிப்பவரும் அமைச்சரே.

நேயருக்கு உரிமை உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியது, அதில் பங்குபற்றிய நேயரின் கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 1996இலேயே உயர் நீதிமன்றம் இக்கூட்டுத்தாபனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உட்பொருளைச் சட்டத்தில் ஏற்றுவதே இனி நடக்க வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்: பத்தாண்டுக்கு ஒருமுறை ஆணையை மீளாய்வு செய்வது, அமைச்சரைச் சாராத நியமனம், அனர்த்த எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நிமிடத்தில் வெளியாக வேண்டும் என்ற சட்டக் கடப்பாடு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். பண்பலை எட்டாத மலை மடிப்புகளுக்கு மாற்று வழி என்ன என்பதையும் ஒவ்வொரு மீளாய்விலும் எழுத்தில் கேட்க வேண்டும்.

கருத்துக் கேட்கும் கூட்டம் வேலைநாளில் கொழும்பு மண்டபமொன்றில் நடந்தால், அந்த அக்கா ஒரு நாள் பேரை (நாட்கூலியை) இழந்துதான் அங்கு வர முடியும். ஆகவே காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடும் நேரத்திலோ, ஞாயிற்றுக்கிழமை கோயிலடியிலோ, தமிழ்ப் படிவத்தோடு அவரிடம் நாம் போக வேண்டும். முதல் கேள்வியாக, மழை கொட்டிய அந்த இரவில் எந்தக் குரல் அவர் வீட்டை எட்டியது என்று கேட்க வேண்டும்.