டாலரை விட்டு ரூபாயில் ஏற்றுமதி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

2022 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவும் அதன் கூட்டாளி நாடுகளும் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை முடக்கின. டாலரிலும் யூரோவிலும் சேர்த்து வைத்த பணம், அந்த நாடுகளோடு உறவு சரியாக இருக்கும்வரைதான் நம்முடையது என்பது அன்றைக்குப் பல தலைநகரங்களுக்கு உறைத்தது. மேற்குலகின் பிடி தளர்கிறது என்ற பேச்சு சூடுபிடித்ததும் அதற்குப் பிறகுதான்.

பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. 2000 வாக்கில் உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 70 சதவீதத்துக்கு மேல் டாலராக இருந்தது. 2024-இல் அது 60-க்குக் கீழே. 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் மத்திய வங்கிகள் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ஆனால் டாலர் விட்ட இடத்தைச் சீனாவின் யுவான் பிடித்துவிடவில்லை. கையிருப்பில் அதன் பங்கு இன்னும் 2, 3 சதவீதம்தான். நாணயச் சந்தையில் 2022 கணக்குப்படி நூற்றுக்கு 88 பரிமாற்றங்களில் ஒரு பக்கம் டாலர் இருந்தது. ஆக, கையிருப்பில் டாலர் இளைத்திருக்கிறது, இன்வாய்ஸில் இளைக்கவில்லை. ஏற்றுமதியாளருக்கு முக்கியம் இரண்டாவதுதான்.

2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானதும் "வேறு நாட்டுக்கு, ரூபாயிலேயே விற்றால் என்ன?" என்ற கேள்வி கூடுதலாகக் கேட்கத் தொடங்கியது. வழி இருக்கிறது. 2022 ஜூலை 11-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாங்குபவர் நாட்டு வங்கி நம் நாட்டு வங்கி ஒன்றில் சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்திய இறக்குமதியாளர் தர வேண்டிய ரூபாய் அந்தக் கணக்கில் வரவாகும். இந்திய ஏற்றுமதியாளருக்கு வேண்டிய ரூபாய் அதிலிருந்தே எடுத்துத் தரப்படும். கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும் என்ற விதியும் 2025 ஆகஸ்டில் நீக்கப்பட்டது.

இதில் பலரும் கவனிக்காதது, அந்தக் கணக்கில் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. பெரும்பாலும் அந்த நாட்டிலிருந்து நாம் வாங்குவதிலிருந்துதான். இறக்குமதி நின்றால் கணக்கு வற்றும்.

ஈரான் விஷயத்தில் நடந்தது இதுதான். 2012 முதல் ஈரானிய எண்ணெய்க்கான தொகையில் ஒரு பகுதியை இந்தியா யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தியது. அந்த ரூபாயிலிருந்துதான் பாஸ்மதி, தேயிலை ஏற்றுமதியாளர்களுக்குப் பணம் வந்தது. 2019 மே மாதத்தில் அமெரிக்கத் தடைக்கு அஞ்சி எண்ணெய் வாங்குவது நின்றது. புது வரவு இல்லை, பழைய இருப்பு கரைந்துகொண்டே போனது. சரக்கு அனுப்பியவர்களுக்குப் பாக்கி இழுத்தது. ஈரானோடு புதிய ஒப்பந்தம் போடவே பலர் தயங்கினார்கள். ஏற்றுமதியாளர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. எண்ணெய் நின்றது, அரிசிக்காரருக்கு அடி விழுந்தது.

ரஷ்யாவில் கதை தலைகீழ். 2022-க்குப் பிறகு எண்ணெய் ஏராளமாக வாங்கினோம், விற்றது கொஞ்சம். இந்திய வங்கிகளில் பல நூறு கோடிக் கணக்கில் ரூபாய் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி வேண்டும் என்று 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் வெளிப்படையாகவே சொன்னார். விற்பவருக்கு இது நல்ல செய்தி. அங்கே அப்போது ரூபாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. யூகோ வங்கியில் வோஸ்ட்ரோ கணக்கு வைத்த ரஷ்ய வங்கி காஸ்ப்ரோம்பேங்க் 2024 நவம்பரில் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பணம் ரூபாய்தானே, அமெரிக்காவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உங்கள் வங்கிக்கும் நியூயார்க்கில் ஒரு டாலர் கணக்கு இருக்கிறது. அதை இழக்க எந்த வங்கியும் துணியாது. தடை மீறிய பரிவர்த்தனைகளுக்காக 2014-இல் பிரான்ஸின் பிஎன்பி பாரிபா கிட்டத்தட்ட 890 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டதை வங்கிகள் மறக்கவில்லை. அதனால்தான் ரூபாய் ஏற்றுமதிக்கும் இறுதிப் பயனாளர் யார், சரக்கின் வகையைக் காட்டும் எச்எஸ் குறியீடு என்ன என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் டிர்ஹாமில் இன்வாய்ஸ் போட்டால் டாலரிலிருந்து தப்பிக்கலாம் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு டாலருக்கு 3.6725 டிர்ஹாம் என்று 1997 முதல் கட்டிவைத்திருக்கிறார்கள். அது வேறு சட்டை போட்ட டாலர்தான்.

ரூபாய் விலையில் கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள். ஒரு லட்சம் டாலர் ஆர்டரை, டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது 85 லட்சம் என்று ரூபாயில் முடிக்கிறீர்கள். பணம் வரும் நாளில் டாலர் 88 ஆகியிருந்தால் அந்த 3 லட்சம் உங்களுக்கு இல்லை. அரிசி விற்பவருக்குச் செலவெல்லாம் ரூபாய் என்பதால் பெரிதாகக் கடிக்காது. சாயம், ஜிப், இயந்திர உதிரிபாகம் எல்லாம் டாலரில் இறக்குபவருக்கு அடி இரட்டிப்பு. டாலரில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் கடன்) எடுத்து ரூபாயில் விற்பது அதைவிட மோசம்; கடன் ஒரு நாணயம், வரவு வேறு நாணயம். பின்னாளைய டாலர் விலையை இன்றே வங்கியோடு பேசி முடிக்கும் ஃபார்வர்டு எடுத்து மூடினால், டாலர் கடனின் குறைந்த வட்டியில் கிடைக்கும் லாபம் அதிலேயே போய்விடும். ரூபாய் ஆர்டருக்கு ரூபாயிலேயே பேக்கிங் கிரெடிட் எடுங்கள். வெளிநாட்டு நாணயத்துக்கான ஈஇஎஃப்சி கணக்கில் இந்த வரவை வைக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முன்பணத்தை நம்புபவர்களுக்கு ஒரு விவரம். வோஸ்ட்ரோ கணக்கில் உள்ள தொகையை, ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்குத் தர வேண்டிய பாக்கிகளுக்குத்தான் வங்கி முதலில் ஒதுக்க வேண்டும் என்கிறது அதே சுற்றறிக்கை. முன்பணம் கேட்பவர் வரிசையில் பின்னால்தான் நிற்பார். எனவே ஆர்டர் எடுக்கும் முன் பையரின் வங்கி எது, அதன் வோஸ்ட்ரோ கணக்கு எந்த இந்திய வங்கியில், அதில் இருப்பு ஓடுகிறதா என்று உங்கள் வங்கியின் வெளிவணிகப் பிரிவில் கேளுங்கள். இருப்பைச் சொல்ல மாட்டார்கள். சமீபத்தில் எத்தனை நாளில் பணம் வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

காகிதத்தில் ஒப்பந்தம், இன்வாய்ஸ், சுங்கத்துறையில் தரும் ஷிப்பிங் பில், பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. நான்கிலும் நாணயம் ரூபாய் என்றே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பழக்கத்தில் டாலர் என்று விழுந்துவிட்டால், வரவைப் பில்லோடு பொருத்தும்போது வங்கியில் அப்படியே நிற்கும். இந்த வழியில் வரும் ரூபாய்க்கும் ஏற்றுமதிச் சலுகைகள் உண்டு என்று 2022 நவம்பரில் வெளிவணிக இயக்குநரகம் அறிவித்திருக்கிறது. ஆனால் அது சுற்றறிக்கை சொல்லும் கணக்கு வழியாக வந்த பணத்துக்குத்தான். பையரின் உறவினரோ ஏஜென்டோ உள்ளூர்க் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் செய்த ரூபாய் உங்கள் கரண்ட் அக்கவுண்டில் ஏறலாம். அதை வைத்து, ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான சான்றான இ-பிஆர்சி வாங்க முடியாது. ஷிப்பிங் பில்லும் பணம் வராத பில்லாகவே கணினியில் நிற்கும்.