இருண்ட பொருள் இல்லாமல் கேலக்ஸி சுழலுமா?

சூரியனைவிட்டுத் தள்ளிப் போகப் போகக் கோள்களின் வேகம் குறைகிறது. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது; நெப்டியூனுக்கு 5.4 கி.மீ.தான். ஒரு கேலக்ஸியின் ஒளிரும் பகுதிக்கு வெளியே சுற்றும் வாயுவும் இப்படித்தான் மந்தமாக வேண்டும். ஆனால் நம் அண்டை கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவை 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்தபோதும், பிறகு ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலையைக் கொண்டு இன்னும் வெளியே அளந்தபோதும், வேகம் கிட்டத்தட்ட மாறாமலே நீண்டது. கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் அங்கே நிறைந்திருக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்ற விடை. பொருளைக் கூட்ட வேண்டாம், விதியைத் திருத்துவோம் என்றார் இஸ்ரேலிய இயற்பியலாளர் மொர்தெகாய் மில்க்ரோம். 1983இல் அவர் முன்வைத்த இந்தக் கருத்துக்கு மோண்ட் (MOND, திருத்திய நியூட்டன் இயக்கவியல்) என்று பெயர்.

இங்கே பலர் தடுமாறுவார்கள்: மோண்டில் நியூட்டன் விதி மாறுவது தூரத்தால் அல்ல, முடுக்கத்தால். முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போனால்தான் விதி மாறும்; அந்த எல்லை முடுக்கம் 1.2 × 10⁻¹⁰ மீ/நொடி². இதே முடுக்கத்தில் ஒரு பொருளை ஓராண்டு முழுக்க இழுத்தாலும் அதன் வேகம் நொடிக்கு 4 மி.மீ.ஐ எட்டாது. சூரியன் பூமியை இழுப்பது இதைப் போல 5 கோடி மடங்கு. அதனால்தான் கோள்களிடம் வித்தியாசம் தெரிவதில்லை. எல்லைக்கு வெகு கீழே இறங்கிவிட்டால், நியூட்டன் தரும் முடுக்கத்தை எல்லை முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நியூட்டன் இழுவை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. வர்க்கமூலம் எடுத்ததும் அது தூரத்துக்கு ஏற்ப மட்டுமே குறையும். வட்டப்பாதைக்குத் தேவையான முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்தது. இரண்டையும் சமன்செய்தால் தூரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இது: வேகத்தின் நான்காம் அடுக்கு = ஈர்ப்பு மாறிலி × நிறை × எல்லை முடுக்கம்.

பால்வீதியின் விண்மீன்களும் வாயுவும் சேர்ந்து சுமார் 6,500 கோடி சூரிய நிறை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு 180 கி.மீ. வரும். இது வெகு வெளியே நிலைக்கும் வேகம். இருண்ட பொருள் ஒரு துளிகூடச் சேர்க்காமல் வந்த எண்.

2016இல் மெக்காவ், லெல்லி, ஷோம்பர்ட் மூவரும் 153 கேலக்ஸிகளில் சுமார் 2,700 இடங்களைச் சோதித்தார்கள். அகச்சிவப்பு ஒளியிலிருந்து விண்மீன் நிறை, 21 செ.மீ. அலையிலிருந்து வாயு நிறை. இவை தரும் நியூட்டன் முடுக்கத்தையும் அளந்த முடுக்கத்தையும் வரைந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டை ஒட்டி விழுகின்றன. இந்தக் கணக்கில் பிழை நுழையும் ஒரு முக்கிய வழி, கேலக்ஸியின் தட்டு நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற சாய்வுக் கோணம். முகம் காட்டி நிற்கும் கேலக்ஸியில் கோணம் சற்றுத் தவறினாலும் வேகம் தவறும்; நான்காம் அடுக்கு என்பதால் வேகத்தில் 10% கூடினால் நிறை 46% கூடிவிடும். இருண்ட பொருளை நம்புபவர்கள் இந்த ஒற்றைக் கோட்டுக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

கேலக்ஸிக் கொத்துகளிலோ மோண்ட் தோற்கிறது. திருத்திய விதியைப் போட்டாலும், தேவையான நிறையில் ஏறக்குறைய பாதிதான் கண்ணில் படுகிறது. மோதிக்கொண்ட புல்லட் கொத்தில் சாதாரணப் பொருளில் பெரும்பங்கான வெப்ப வாயு நடுவே பின்தங்கி நிற்கிறது. ஆனால் ஒளியை அதிகம் வளைக்கும், அதாவது ஈர்ப்பு மிகுந்த இடங்கள் கேலக்ஸிகள் கடந்துபோன பக்கங்களில் இருக்கின்றன. மோண்டை ஐன்ஸ்டீனின் சார்பியலோடு இணைத்து பெக்கன்ஸ்டீன் 2004இல் தந்த கோட்பாடு பழைய வடிவில் நிற்க முடியாமல் போனது; 2017இல் ஒரே நிகழ்விலிருந்து கிளம்பிய ஈர்ப்பலையும் காமா ஒளியும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்ததால், இரண்டின் வேகமும் ஒன்றுதான் என்று தெரிந்தது, அந்தக் கோட்பாட்டுக்கு அது ஒத்துவரவில்லை. ஸ்கோர்டிசும் ஸ்லோஸ்னிக்கும் 2021இல் தந்த புதிய வடிவம் அந்தச் சோதனையைக் கடந்து, அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சோடும் பொருந்துகிறது. கொத்துகளின் சிக்கல் மட்டும் தீரவில்லை.

இப்போதைய சண்டை நம் அருகிலேயே நடக்கிறது. சூரிய அளவு நிறையின் இழுவை, பூமி–சூரியன் தூரத்தைப் போல 7,000 மடங்கில் எல்லை முடுக்கத்தைத் தொடும். அவ்வளவு விலகிச் சுற்றும் இரட்டை விண்மீன்களை கையா விண்கலம் அளந்திருக்கிறது. பால்வீதியின் சொந்த இழுவையும் குறுக்கிடுவதால் மோண்ட் எதிர்பார்ப்பது சுமார் 20% கூடுதல் வேகம்தான். 2023இல் கையா தரவை வைத்தே ஒரு தரப்பு அந்தக் கூடுதலைக் கண்டதாகவும், இன்னொரு தரப்பு இல்லவே இல்லை என்றும் முடிவு சொன்னது. தெரியாமல் ஒட்டியிருக்கும் மூன்றாவது விண்மீனும் வேகத்தைக் கூட்டிக் காட்டும். அத்தகைய ஜோடிகளை எப்படிக் கழிப்பது என்பதில்தான் வழக்கு நிற்கிறது.