ஒரே அடுப்பு, ரெண்டு கூலி

காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். தேன்குழல் பிழிந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பவர் ஆண் என்றால் 'மாஸ்டர்'. அதே பிழிவு, அதே அடுப்பு, நிற்பது பெண் என்றால் 'ஒத்தாசைக்கு வர்றவுக'. கூப்பிடும் பேரோடு கூலியும் இறங்கிவிடும்.

சட்டம் பேரைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறது. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டம் இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-க்குள் அடங்கிவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவுப்படி, ஒரே முதலாளியிடம் ஒரே வேலையோ அதை ஒத்த வேலையோ செய்பவர்களுக்குப் பாலினம் பார்த்துக் கூலி பிரிக்கக் கூடாது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஒன்றுபோலத் தேவைப்பட்டால் அது ஒத்த வேலை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை வேறு, கூலி வேறுபடலாம். சாந்துச் சட்டி தூக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடக் கூடாது. 'சரி, எல்லாருக்கும் குறைச்சலாவே தர்றேன்' என்று ஆணின் கூலியில் கைவைக்கவும் வழியில்லை. பக்கத்துக் கடையில் கூடுதலாகத் தருகிறார்கள் என்ற வாதம் மட்டும் இங்கே நிற்காது, அது வேறு முதலாளி.

ஆள் எடுப்பதிலும் இதே விதிதான். பெண்களைச் சட்டமே தடுத்திருக்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

திருநர்களை வேலையில் ஒதுக்குவதை அவர்களுக்கென 2019-இல் வந்த தனிச் சட்டம் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனமும் வெளியிட வேண்டும் என்கிறது 2016 சட்டம்.

சாதி விஷயத்தில்தான் ஓட்டை. தீண்டாமையைக் காட்டி ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுத்தால் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி குற்றம். ஆனால் 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்டுவிட்டு, 'சொல்லி அனுப்புறோம்' என்று நாசூக்காகக் கழற்றிவிடும் தனியாரைப் பிடிக்க நேரடியான வேலைவாய்ப்புச் சட்டம் கிடையாது.

கூலி குறைந்தால் சிவகங்கையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பாக்கியோடு, அதைப்போல 10 மடங்கு வரை இழப்பீடும் கிடைக்க இடமுண்டு. வழக்கு என்று வந்தால் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம், தொலைபேசி எண் 15100.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று நிரூபிப்பது முதலாளி பொறுப்பு. இருந்தாலும் கையெழுத்து நோட்டு இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள், வேலைக்குப் போன நாளையும் வாங்கிய தொகையையும் வீட்டு நாட்காட்டியில் அன்றன்றைக்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.