வாகனச் சேதத்துக்காகக் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தலாமா?

வேலையை விட்டு விலகும் ஓட்டுநர்களும் விற்பனைப் பணியாளர்களும் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: நிறுவனத்தின் வண்டியில் சேதம் ஏற்பட்டதாகச் சொல்லி, கடைசி மாதச் சம்பளத்தை முழுவதுமாக நிறுத்திவிடுகிறார்கள். பழுதுபார்த்த பில்லைக்கூடக் காட்டுவதில்லை.

சேதத்துக்கான பொறுப்பு வேறு, உழைத்து முடித்த நாட்களுக்கான ஊதியம் வேறு. முதலாளிக்கு உண்மையாகவே இழப்பு நேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த இழப்புக்கு யார் காரணம், தொகை எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்து, கையிலிருக்கும் சம்பளத்திலிருந்து அவரே எடுத்துக்கொள்வதைச் சட்டம் ஏற்பதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1949-இல் வெளியிட்ட 85-ஆம் பரிந்துரையே, தொழிலாளியின் பொறுப்பு தெளிவாக நிறுவப்பட்டால் மட்டுமே பிடித்தம் செய்யலாம் என்றும், அது உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது என்றும், அதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வழியில்தான் செல்கிறது. பிடித்தம் செய்ய, சேதமான பொருள் பணியாளரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் பணியாளரின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்திருக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்தாலும் அந்தச் சம்பளக் காலத்துக்குரிய ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே, முழுச் சம்பளத்தையும் நிறுத்துவதற்கு இந்த விதிகளில் இடமே இல்லை. ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியம் சேர வேண்டும். மீதி இழப்பு இருப்பதாகக் கருதும் முதலாளி உரிமையியல் நீதிமன்றத்தை நாடட்டும்.

‘கவனக்குறைவு’ என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன. நாள்தோறும் பல மணி நேரம் வண்டி ஓட்டுபவருக்கு எப்போதாவது ஒரு கீறலோ சிறு மோதலோ நேர்வது அந்தத் தொழிலோடு வரும் ஆபத்து. குடித்துவிட்டு ஓட்டியதையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜெர்மனியின் தொழிலாளர் நீதிமன்றங்கள் மிகச் சிறிய கவனக்குறைவுக்குப் பணியாளரிடம் எதுவும் வசூலிப்பதில்லை. நடுத்தரமானதற்கு இழப்பை இருவருக்கும் பகிர்கின்றன. முழுப் பொறுப்பையும் கடுமையான அலட்சியத்துக்கே பெரும்பாலும் சுமத்துகின்றன. இது நியாயமான அளவுகோல் என்பது என் கருத்து. பிரேக் தேய்ந்திருப்பதை ஓட்டுநர் முன்பே தெரிவித்திருந்தும் வண்டியைச் சாலைக்கு அனுப்பியிருந்தால், பிழை யாருடையது என்பதையும் கேட்க வேண்டும்.

காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தன் வண்டிக்கு நேரும் சேதத்துக்கும் காப்பீடு எடுத்திருந்து, நிறுவனம் இழப்பீட்டைப் பெற்றுவிட்டால், அந்தத் தொகை அதற்கு நேர்ந்த இழப்பே அல்ல. அதையே தொழிலாளியிடமும் வசூலிப்பது இரட்டை வசூல். எனவே காப்பீட்டுக் கோரிக்கையின் விவரத்தையும் பணிமனை பில்லையும் எழுத்துமூலம் கேளுங்கள்.

விபத்து நடந்த அன்றே படம் எடுத்து, நடந்ததை மேலாளருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். வெற்றுத்தாளிலோ, “எந்தப் பாக்கியும் இல்லை” என்ற ரசீதிலோ பணம் கைக்கு வருமுன் கையெழுத்திட வேண்டாம். தராத சம்பளத்தைக் கேட்டு உரிய அதிகாரியிடம் மனுச் செய்ய மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. அங்கே நிலுவையைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான்.