டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது?

கரையேற்றிய படகின் பின்புறம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கு அடியில் கறுப்பாக எண்ணெய் சொட்டினால், சீல் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சொட்டுவதெல்லாம் கசிவு அல்ல. எஞ்சினையே காலிசெய்யும் கசிவோ பல நேரம் வெளியே சொட்டுவதே இல்லை.

இந்த எஞ்சினில் காரில் உள்ளதுபோல அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. சில மாடல்களில் தனித் தொட்டியிலிருந்து பம்பே எடுத்துக் கலந்துகொள்ளும். கலவை, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் கூடான கிராங்க் கேஸுக்குள் புகுந்து பேரிங்குகளை நனைத்துவிட்டு, சிலிண்டருக்குப் போய் எரிகிறது. இதோடு சம்பந்தமே இல்லாமல், புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள கியர் பாக்ஸில் கெட்டியான கியர் ஆயில் தனியாக இருக்கிறது. எனவே முதலில் பார்க்க வேண்டியது, சொட்டுவது இந்த இரண்டில் எது என்பதைத்தான்.

மூக்கே பாதி வேலையை முடித்துவிடும். கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும், விரலில் பிசுபிசுவென ஒட்டும். எரியாத கலவை நீர்த்திருக்கும், பெட்ரோல் வாசம் அடிக்கும், புகைக்கரி கலந்து கறுத்திருக்கும்.

இந்தக் கறுப்புச் சொட்டு பெரும்பாலும் நோயே அல்ல. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றோட்டம் குறைவதால், எரிபொருள் துளிகள் காற்றில் மிதக்காமல் கிராங்க் கேஸின் அடியில் தேங்கிவிடும். கொஞ்சம் எரியாமலே புகைவழியில் இறங்கி, எஞ்சினைச் சாய்க்கும்போது வெளியே வரும். குமரிக் கடற்கரையிலும் இலங்கையின் வடக்கிலும் ஓடும் மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. திடீரென்று அளவு கூடினால் மட்டும் ஆயில் விகிதம், கார்புரேட்டரின் மிதவை ஊசி, தேங்கியதைத் திருப்பி அனுப்பும் சிறு குழாய்களின் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

சொட்டுவது கியர் ஆயில் என்றால் கதை வேறு. முதல் சந்தேகம், கியர் ஆயிலை நிரப்பவும் வடிக்கவும் உள்ள மேல், கீழ்த் திருகாணிகளின் வாஷர்மீது. சில ரூபாய்ச் சாமான், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நல்லது. அடுத்தது புரொப்பெல்லர் தண்டின் சீல். அறுந்த தங்கூஸ் நரம்பு (நைலான் தூண்டில் இழை) தண்டில் சுற்றி, மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து சீலின் உதட்டை அறுத்துவிடும். பல எஞ்சின்களில் இங்கே இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும்: ஒன்று எண்ணெயை உள்ளே நிறுத்த, மற்றது கடல்நீரைத் தடுக்க. திருப்பி மாட்டினால் புது சீலும் ஒழுகும்.

எண்ணெய் வெளியேறும் வழியில் தண்ணீரும் உள்ளே வரும். ஓடிச் சூடான கியர் பாக்ஸ் கடல்நீரில் நின்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளிநீரை இழுத்துக்கொள்கிறது. இரவு முழுதும் நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையில் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் முதலில் அதுதான் வரும். எண்ணெயோடு கலக்கிவிட்டிருந்தால் பால் டீ நிறம் தெரியும். கியர் ஆயிலை நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும், அளவு குறையும்.

சரி, சொட்டாத கசிவு எது? கிராங்க் தண்டின் சீல் தேய்வது. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, கலவையை உள்ளே இழுக்கிறது. சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாக வெறும் காற்றும் சேர்ந்து வரும். எரிபொருள் விகிதம் குறைகிறது. எரிபொருளோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் உயவும் குறைகிறது. பிஸ்டன் சூடேறிக் கீறல் விழும், கடைசியில் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அடியில் ஒரு சொட்டுகூட இருக்காது.

இதை ஸ்பார்க் பிளக் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் பழுப்பாகவும் மற்றது வெளுத்தும் இருந்தால், வெளுத்த பக்கத்தில் கார்புரேட்டர் ஜெட் (எரிபொருள் வரும் சிறு துளை) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் கிராங்க் கேஸுக்குக் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கிராங்க் தண்டின் அடி சீலை மாற்ற எஞ்சினின் மேல்பகுதியையே (பவர்ஹெட்) கழற்ற வேண்டிவரும், கூலி கூடும்; ஆனாலும் பிஸ்டன் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவுதான்.