அனெக்ஸ்: இணைப்பா, பின்கட்டா?

தைப்பூசம் முடிந்த வாரத்தில், ஜார்ஜ் டவுனில் காணொளி தொகுப்பவர்கள் நடுவே "ரதத்தை அனெக்ஸ் மூவ் பண்ணியாச்சா?" என்ற கேள்வி காதில் விழலாம். ரதம் என்றால் இங்கே தேர் இல்லை. பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் படம்பிடித்த, பல ஜிபி கனமுள்ள கோப்பு. மூவ் எல்லாருக்கும் தெரியும். அனெக்ஸ்? கனமான கோப்புகளைக் கையாளும் கிட்-அனெக்ஸ் என்ற கணினிக் கருவியின் சொல் அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் நெக்டெரே என்றால் கட்டுதல். அதற்கு முன்னே 'அத்' என்ற முன்னொட்டு சேர்ந்து அன்னெக்டெரே ஆனது: ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே மூன்று பொருளில் கிளைத்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் நிலத்தைத் தனதாக்குவது. ஆவணத்தின் பின்னால் வைக்கும் தாள்கள் (மலாய்க் கடிதங்களில் நாம் பார்க்கும் லம்பிரான்). பெரிய கட்டடத்தை ஒட்டியோ பக்கத்திலோ எழுப்பும் துணைக் கட்டடம். நமது செய்தித்தாள்கள் முதல் இரண்டுக்கும் 'இணைப்பு' என்றே எழுதிவிடுகின்றன. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், குழப்பமில்லை.

கணினிக்கு வரும்போதுதான் சிக்கல். கிட் என்பது நிரல்மூலத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும் கருவி. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. எழுத்துக் கோப்புக்கு அருமையானது, காணொளிக்கு ஆகாது. களஞ்சியத்தை, அதாவது கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்பை, படியெடுக்கும் ஒவ்வொருவரும் பழைய பதிப்புகள் உட்பட எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கும். இத்தகைய களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளமோ 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதற்கு ஒரு வழியாக ஜோயி ஹெஸ் 2010இல் கிட்-அனெக்ஸ் என்ற கட்டளைக் கருவியை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கினார். கோப்பின் பெயர் கிட்டுக்குள் இருக்கும், உள்ளடக்கம் '.கிட்' என்ற மறைவான அடைவுக்குள் அனெக்ஸ் என்ற தனி இடத்துக்குப் போய்விடும். பெயர் இருந்த இடத்தில் மிஞ்சுவது ஒரு குறியீட்டு இணைப்பு, அதாவது உள்ளடக்கம் இருக்கும் இடத்தைச் சுட்டும் சிம்லிங்க். அது சுட்டும் பெயரில் கோப்பின் அளவும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற நீண்ட ஷா-256 எண்ணும் இருக்கும்.

இப்போது அனெக்ஸை 'இணைப்பு' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். "இணைப்பில் உள்ள கோப்பை அதன் இணைப்பு சுட்டுகிறது." ஒன்றும் விளங்காது. 'பிற்சேர்க்கை' நூலின் கடைசிப் பக்கங்களுக்கு உரியது. 'துணைக்கிடங்கு' பரவாயில்லை, ஆனால் எங்கோ தொலைவில் இருப்பதுபோல் ஒலிக்கிறது.

என் தேர்வு பின்கட்டு. முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று வீட்டைப் பகுத்துச் சொல்வது நம் பழைய வழக்கம். ஜார்ஜ் டவுனின் நீண்டு ஒடுங்கிய பழைய கடைவீடுகளில் முன்பக்கம் வியாபாரம், நடுவில் வானம் தெரியும் முற்றம், சாமான் எல்லாம் பின்கட்டில். அனெக்ஸும் அப்படித்தான்: அதே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கனத்தைத் தாங்குகிறது, வாசலில் தெரிவதில்லை. லத்தீன் வேரின் 'கட்டு'ம் தமிழ்ச் சொல்லிலேயே உட்கார்ந்திருப்பது தற்செயல்தான், இருந்தாலும் வேண்டாம் என்பானேன்?

சரி, மூவ். 'நகர்த்து' என்று பல மென்பொருள்களில் பார்க்கிறோம். மேசையை ஓரமாகத் தள்ளுவதுபோல் இருக்கிறது. இங்கே நடப்பது இடமாற்று. மடிக்கணினியில் ஒரு களஞ்சியம், அதன் இன்னொரு படி வெளிவட்டில் என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் கிட் அனெக்ஸ் மூவ் என்று தட்டி, கோப்பின் பெயரும், 'டு' என்ற தெரிவோடு வெளிவட்டுக்கு வைத்த பெயரும் கொடுத்தால், உள்ளடக்கம் முதலில் அங்கே போகும். போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகே இங்கே உள்ளது அழியும். 'ஃப்ரம்' போட்டால் எதிர்த்திசை. காப்பி என்றால் இரண்டு பக்கமும் இருக்கும், அதற்குப் 'படியெடு' போதும்.

இதில் ஒரு நுணுக்கம். எத்தனை படிகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நம்காப்பீஸ் என்ற அமைப்பில் சொல்லி வைக்கலாம், சொல்லாவிட்டால் ஒன்று. வெளிவட்டில் ஏற்கெனவே அந்தக் கோப்பு இருந்தால், மூவ் இங்குள்ளதை அழிப்பது மட்டுமே மிச்சம், அதனால் படி ஒன்று குறைகிறது. அந்தக் குறைவு வரம்பை மீறுமானால் கருவி மறுத்துவிடும். கண்டிப்பான ஆள்தான்.

இடமாற்றிய பிறகு மடிக்கணினியில் கோப்பின் பெயர் அப்படியே நிற்கும், சொடுக்கினால் திறக்காது. பயந்துபோய் யாரும் அந்தப் பெயரை அழித்துவிட வேண்டாம். கிட் அனெக்ஸ் வேர்இஸ் என்று கேட்டால் எந்தப் பின்கட்டில் இருக்கிறதென்று சொல்லும். வட்டைச் செருகி, கெட் கொடுத்தால் திரும்பவும் ஒரு படி வந்துவிடும்.