பிஎஸ்பியை நெட்டுக்குத்தலாகப் பிடித்தால் பேக்மேன் ஏன் கூர்மையாகிறது?

பல வருடங்களுக்குப் பிறகு, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியைத் தூசி தட்டி, 'நாம்கோ மியூசியம் பேட்டில் கலெக்‌ஷன்' வட்டைப் போட்டேன். 2005இல் வந்த தொகுப்பு இது. பேக்மேன், கலாகா, டிக் டக், சேவியஸ் என்று ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ஆர்கேடு கூடங்களுக்காக, அதாவது காசு போட்டுப் பெட்டிகளில் ஆடும் இடங்களுக்காக உருவாக்கிய பழைய ஆட்டங்கள் பல ஒரே வட்டில் இருக்கின்றன. கருவியைத் தொண்ணூறு பாகை திருப்பி, நெட்டுக்குத்தலாகப் பிடித்து ஆடுவதற்கும் இதில் வசதி உண்டு. முன்பெல்லாம் அந்தப் பக்கமே நான் போனதில்லை. இந்த முறை திருப்பிப் பிடித்தேன். பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றபடி ஓடும் பேக்மேன் ஆட்டத்தின், அதுவரை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்த திரை பளிச்சென்று ஆகிவிட்டது. அதே கண்ணாடி, அதே வெளிச்சம். மாறியது திசை மட்டும்தான்.

காரணம் எளிய கணக்கு. பேக்மேன் திரை முழுக்க 8க்கு 8 பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. அகலத்தில் 28 கட்டம், உயரத்தில் 36 கட்டம். அதாவது 224 பிக்சல் அகலம், 288 பிக்சல் உயரம். பிஎஸ்பி திரையோ 480 பிக்சல் அகலம், 272 பிக்சல் உயரம். வழக்கம்போல் படுக்கையாகப் பிடித்தால் 288 வரிகளை 272 வரிக்குள் அடக்க வேண்டும். பதினாறே பதினாறு வரி இடிக்கிறது!

பதினாறு வரி போனால் என்ன என்று தோன்றும். ஆனால் 288ஐ 272 ஆக்குவது என்றால் ஒவ்வொரு 18 வரியையும் 17 ஆக்க வேண்டும். பேக்மேன் தின்னும் சின்னப் புள்ளி ஒவ்வொன்றும் 2க்கு 2 பிக்சல்தான். பதினெட்டுக்கு ஒன்று என்று வரியைத் தூக்கிப் போட்டால் சில வரிசைகளில் புள்ளி பாதியாகிவிடும், பக்கத்து வரிசையில் முழுதாக நிற்கும். அது கண்ணுக்கு உறுத்தும். அதைத் தவிர்க்க, அடுத்தடுத்த பிக்சல்களின் நிறத்தைக் கலந்து சமாளிக்கலாம். அப்படிச் செய்தால் புள்ளியும் சுவரும் லேசாகக் கலங்கும். நான் பார்த்த மங்கலுக்கு இதுதான் காரணம். திருப்பிப் பிடித்தால் நிலைமை வேறு. இப்போது அகலம் 272, உயரம் 480. ஆட்டத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று அப்படியே வைத்தாலும் இரு பக்கமும் 24 பிக்சல் மிச்சம் இருக்கும். எதையும் சுருக்கவோ கலக்கவோ தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1980இல் தோரு இவாதானியின் குழு பேக்மேனை உருவாக்கியபோது ஆர்கேடு பெட்டிக்குள் இருந்தது படக்குழாய்த் திரை. படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடி, வரி வரியாகப் படத்தை எழுதும். நிமிர்ந்த படம் வேண்டும் என்பதால் குழாயையே சாய்த்துப் பொருத்தினார்கள். ஆகவே பேக்மேன் பெட்டியில் அந்த வரிகள் மேலும் கீழுமாக ஓடின. 224 வரிகள், வரிக்கு 288 புள்ளிகள். கருவியைத் திருப்பியபோது என் கை செய்தது அதே வேலைதான்.

சரி, திரை பொருந்திவிட்டது. உள்ளே ஓடும் ஆட்டம்? இப்படித் தொகுப்பு செய்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக நிரல் எழுதலாம். அல்லது பழைய சில்லைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை, அதாவது எமுலேட்டரை எழுதி, அசல் நிரலை அதில் ஓட்டலாம். பேக்மேனின் மூளை 3.072 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் இசட்80 சில்லு. மொத்த நிரலும் 16 கிலோபைட்தான். எமுலேட்டர் அந்த பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, இசட்80 என்ன செய்திருக்குமோ அதைச் செய்து, அதற்கு எத்தனை துடிப்பு ஆகியிருக்கும் என்றும் எண்ணிக்கொண்டே போகும். எண்ணிக்கை 50,688ஐத் தொட்டால் ஒரு பிரேம், அதாவது திரையின் ஒரு முழுப் படம், முடிந்தது. அசல் பெட்டியில் விநாடிக்கு 60.6 பிரேம்கள். பிஎஸ்பி திரை காட்டுவதோ விநாடிக்கு அறுபதை ஒட்டித்தான். ஒன்றுக்கு ஒன்று என்று ஓட்டினால் ஆட்டம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மெதுவாகும். யாரும் உணர மாட்டார்கள்.

ஆனால் பிழைகளை உணர்வார்கள். பேக்மேனில் சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்புப் பேய் நம் முகத்துக்கு நேரே நான்கு கட்டம் தள்ளிக் குறிவைக்கும். நாம் மேலே பார்த்தபடி இருந்தால் மட்டும் அதன் குறி நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடப்பக்கமுமாக விலகிவிடும். ஒரு கூட்டல் கணக்கில் எண் நிரம்பிப் பக்கத்து எண்ணுக்குள் வழிந்துவிடுவதுதான் காரணம். நிரல் எழுதியவர்கள் நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் அந்தப் பிழைதான் ஆட்டத்தின் குணம். பேய்கள் மிரண்டு ஓடும்போது திரும்பும் திசைகூட உண்மையான குருட்டாம்போக்கு அல்ல. அதற்கான எண் வரிசை ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையின் (லெவல்) தொடக்கத்திலும் மறுபடி முதலிலிருந்து வருகிறது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஒரு பாதையை மனப்பாடம் செய்து, அதே நொடியில் அதே திருப்பம் என்று ஆடிப் பேய்களை ஏமாற்ற முடிந்தது. புதிதாக எழுதும் நிரல் அந்தக் கூட்டல் பிழையைத் 'திருத்தி'விட்டால் போதும், மனப்பாடம் செய்த பாதை மூன்றாவது திருப்பத்திலேயே பேயின் வாயில் கொண்டுபோய் விடும். ஒரு தொகுப்பு உண்மையானதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

256ஆம் நிலையும் அப்படித்தான். நிலை எண்ணை வைத்திருக்கும் எட்டு பிட் இடத்தில் 255க்கு மேல் எண் கிடையாது. எந்த நிலை என்று காட்டத் திரையின் கீழே பழங்களை வரையும் நிரல் பகுதி அங்கே குழம்பி, 256 முறை வரையப் போய், திரையின் வலது பாதியைக் கண்ட எழுத்துகளால் நிரப்பிவிடுகிறது. அசல் நிரலை அப்படியே ஓட்டினால் இந்தச் சிதைந்த திரையும் கூடவே வந்துவிடும். வர வேண்டும் என்பதே என் கட்சி.

கருவியைத் திருப்பும்போது ஒரு சின்னச் சங்கடமும் வருகிறது. திசைப் பொத்தானும் சேர்ந்து திரும்பிவிடுகிறது! கைக்கு 'மேலே' என்பது கருவிக்குப் பக்கவாட்டுத் திசை. மென்பொருள்தான் நடுவில் நின்று திசைகளை மாற்றிச் சொல்ல வேண்டும். பேக்மேனில் திருப்பம் வருவதற்குச் சில பிக்சல் முன்பே பொத்தானை அழுத்தினால் மூலையைக் குறுக்கே வெட்டிப் போகலாம். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அவை கட்டத்தின் நடுவுக்குப் போய்த்தான் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்துத்தான் தப்பிக்கிறோம். படுக்கையாகப் பிடித்துப் பழகிய என் கட்டைவிரல் முதல் அரைமணி நேரம் தாமதமாகவே அழுத்தியது. இரண்டாவது நாள்தான் நாலு மூலையைத் தொடர்ந்து வெட்ட முடிந்தது. சிவப்புப் பேய் பின்னால் தங்கிவிட்டது.